கிரிம்பிங் குறடு

மின்கம்பி நுனியில் காப்புறையுள்ள லக்கை (முனை இணைப்பியை) நசுக்கிப் பொருத்தும் கைக்கருவி. உழவு இயந்திரம், முச்சக்கரவண்டி, நீர்ப்பம்பி வயரிங் வேலைகளுக்கு இது தேவைப்படுகிறது. சிவப்பு லக் 0.5–1.5, நீலம் 1.5–2.5, மஞ்சள் 4–6 சதுர மி.மீ. கம்பிக்கு உரியது, பெரும்பாலான குறடுகளின் தாடையிலும் அதே நிறப் புள்ளிகள் இருக்கும். காப்புறையில்லாத லக்குக்கான தாடை வேறு. அதில் காப்புறையுள்ள லக்கை நசுக்கினால் பிளாஸ்டிக் கிழியும்.

ராட்செட் உள்ளதே நம்பகமானது: முழுதாக அழுத்தி முடியும்வரை கைப்பிடி விரியாது. வயர் உரிக்கவும் வெட்டவும் சேர்த்துச் செய்த தகட்டுக் குறடு மலிவுதான், ஆனால் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும். தளர்ந்த பொருத்து சூடேறும். உழவு இயந்திர அதிர்வில் கழன்றும் விடும். நசுக்கியபின் வயரைச் சற்று இழுத்துப் பார்ப்பது வழக்கம்.