ஒரு துண்டு காகிதம், கொஞ்சம் கொழுப்பு

1857ன்னு சொன்னா ஸ்கூல்ல படிச்ச ஒரு வரி எல்லாருக்கும் ஞாபகம் வரும்: தோட்டாவுல மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, அதனால சிப்பாய்கள் கிளர்ச்சி. சரி, தோட்டாவுல கொழுப்புக்கு என்னங்க வேலை? இன்னைக்கு அங்கிருந்து ஆரம்பிப்போம்.

பழைய மஸ்கெட் துப்பாக்கியோட குழாய் உள்ளே வழவழன்னு இருக்கும். ஈயக் குண்டு அதுல லூஸா ஓடும், குறி தப்பும். அதனால குழாய்க்குள்ள சுருள் சுருளா பள்ளம் வெட்டினாங்க. அதுதான் ரைஃபிள். குண்டு சுழன்றுகிட்டே பாயும், குறி பிசகாது. ஆனா ஈயம் மென்மையான உலோகம். பள்ளத்துல உரசி ஒட்டிக்கும். கறுப்பு வெடிமருந்தோட கரியும் சேர்ந்து இறுகிப்போகும். கொஞ்ச நேரம் சுட்டா, அடுத்த குண்டு உள்ளே இறங்கவே அடம்பிடிக்கும்.

இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, ஈயம் இரும்பைத் தொடாதபடி குண்டுக்குக் காகிதம் சுற்றுவது. இன்னொண்ணு, கொழுப்பு தடவுவது. 0.577 அங்குலத் துளை கொண்ட 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிள் ரெண்டையும் சேர்த்துச்சு. தோட்டான்னா ஒரு காகிதக் குழல். ஒரு முனையில மருந்து, மறுமுனையில குண்டு. மருந்து முனையைப் பல்லால கடிச்சுக் கிழிச்சு, மருந்தைக் கொட்டி, குண்டை அதன் காகிதத்தோட உள்ளே இடிக்கணும். கொழுப்பு இருந்தது குண்டு முனையில. ஆனா கையில பிடிக்கிறது ஒரே காகிதம்தானே!

அந்தக் கொழுப்பு எந்த மிருகத்தோடதுன்னு ராணுவம் சரியா விசாரிக்கவே இல்லை. கவனிங்க, எச்சரிக்கை முன்னாடியே வந்திருந்தது. 1853லேயே வங்காளப் படையின் கர்னல் டக்கர், கொழுப்புல ஆட்சேபம் இல்லைன்னு உறுதியாகாம இந்தியச் சிப்பாய்களுக்கு இதைக் கொடுக்காதீங்கன்னு எழுதினார். யாரும் கண்டுக்கல. அதுக்கும் முன்னாடி, 1806 ஜூலையில, நம்ம வேலூர்க் கோட்டையில புதுத் தலைப்பாகையும் நெற்றிக்குறித் தடையும் என்ன செஞ்சதுன்னு கம்பெனி பார்த்திருந்தது. அதுவும் மறந்துபோச்சு.

1857 ஜனவரியில, கல்கத்தா பக்கத்து டம்டம்ல, கீழ்ச்சாதித் தொழிலாளி ஒருத்தர் ஒரு பிராமணச் சிப்பாய்கிட்ட அவரோட லோட்டாவுல தண்ணி கேட்டார். சாதி கெடும்னு சிப்பாய் மறுத்தார். சீக்கிரமே கொழுப்பைக் கடிக்கப் போறீங்க, அப்புறம் சாதி எங்கேன்னு அந்தத் தொழிலாளி திருப்பிக் கேட்டதா அதிகாரிகள் பதிவு பண்ணியிருக்காங்க.

அரசாங்கம் பதறிப்போய், கிரீஸ் இல்லாம தோட்டா தர்றோம், நீங்களே எண்ணெயும் தேன்மெழுகும் தடவிக்கோங்கன்னு சொன்னது. நல்ல தீர்வுதான். ஆனா சந்தேகம் இப்போ காகிதத்து மேல திரும்பியது: இது ஏன் இப்படிப் பளபளக்குது? இதுலயே கொழுப்பு இருக்கோ? கடிக்க வேண்டாம், கையால கிழிக்கலாம்னு விதியை மாத்தினதும் பலிக்கல.

ஏப்ரல் 24, மீரட். 3வது குதிரைப்படையில 90 பேரை அணிவகுக்க வெச்சாங்க. 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தாங்க. கொடுத்தது வருஷக்கணக்கா பழகின பழைய வகைத் தோட்டாதான்! மே 9 அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அவங்களுக்கு விலங்கு மாட்டி, சிறைக்கு அனுப்பினாங்க. மறுநாள் மீரட் வெடித்தது.

கொழுப்பு மட்டுமே காரணமா? இல்லை. அவத் இணைப்பு, நிலவரி, சம்பளப்படி, மதமாற்ற பயம்னு ஏற்கெனவே நிறைய குமுறல் இருந்தது. கிரீஸ் தோட்டாவைப் பெரும்பாலான சிப்பாய்கள் கையில தொட்டதே கிடையாது. ஆனா நம்பிக்கை போன இடத்துல, பொருள் எப்படிச் செய்யப்பட்டதுங்கிற விளக்கம் எடுபடாது.

காகிதம் மட்டும் தோத்துப்போகல. 1871ல வந்த மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்லயும் குண்டுக்குக் காகிதச் சட்டைதான். ஆனா அது உலோகத் தோட்டா, பின்பக்கமா போடுறது, கடிக்கிற வேலையே இல்லை. பிறகு செம்பு உறை வந்து காகிதத்தை ஓரங்கட்டிச்சு. இன்னைக்கும் தோட்டாவைத் தாங்களே தயாரிக்கிற வெளிநாட்டு ஆர்வலர்கள் சிலர் கிரீஸுக்குப் பதிலா குண்டுக்குக் காகிதம் சுத்துறாங்க. சிலர் பிளம்பர் டேப்பையே சுத்திப் பார்க்கிறாங்க.

ஈயம் ஒட்டாம இருக்க வழி கண்டுபிடிச்சாங்க. டக்கரோட கடிதத்தைப் படிக்கத்தான் ஆள் இல்லை. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!