கீழணையும் கங்கைகொண்ட சோழபுரமும்: திட்டப்பணியில் தொடர்புடையோரின் இடம்

முன்னுரை

ஒரு திட்டத்தால் பயன்பெறுவோரும் அதற்காக இழப்போரும் பல வேளைகளில் வெவ்வேறு மக்களாக இருப்பர். திட்ட மேலாண்மையில் தொடர்புடையோரின் பங்கேற்பு இன்றியமையாததாவதற்கு இவ்வேறுபாடே அடிப்படை. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கி, 1995 இல் உருவான பெரம்பலூர் மாவட்டத்தில் சேர்ந்து, 2007 முதல் அரியலூர் மாவட்டத்தில் அமைந்துள்ள உடையார்பாளையம் வட்டாரத்தின் வரலாறு இதற்குச் சான்றாகிறது.

சோழர் கால நடைமுறை

முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் பழையனூரைக் கோயிலுக்குக் கொடையாக அளித்ததைப் பதிவு செய்கின்றன. அரசாணையைப் பெற்ற நாட்டார் பிடியானையை நடத்தி எல்லையை உறுதிசெய்தனர். ஆணை அரசனுடையதாயினும், எல்லை வட்டாரத்தார் முன்னிலையிலேயே வரையறுக்கப்பட்டது. எனினும் நாட்டார் என்போர் நிலவுடைமையாளரே. உழைப்போருக்கு அதில் குரல் இருந்ததெனக் கொள்ள இயலாது.

கீழணைக் கட்டுமானம்

ஆர்தர் காட்டனின் திட்டப்படி 1836 இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தது. வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும், வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்கள் வழியாகக் கிழக்கேயுள்ள வயல்களுக்கும் அது நீர் அளித்தது. அதன் பாசனப் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆனால் கட்டுமானத்திற்கான கருங்கல் கங்கைகொண்ட சோழபுரக் கோயிலிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டது. சிற்பங்கள் பல அகற்றப்பட்டன; சுற்றுமதில் ஏறத்தாழ முழுமையாக இடிக்கப்பட்டது.

1855 இல் வெளிவந்த தென்னிந்திய விவரச்சுவடி மூன்று செய்திகளைத் தருகிறது: அவ்வூர் ஏழை மக்கள் இயன்றவரை தடுத்தனர், அதற்காகத் தண்டிக்கப்பட்டனர், கல்மதிலுக்கு மாற்றாகச் செங்கல்மதில் எழுப்பப்படும் என்ற வாக்குறுதி நிறைவேற்றப்படவில்லை. அரசுக்கு அக்கோயிலின்மீது உரிமை இல்லை என்பதையும் அந்நூலே சுட்டுகிறது.

முடிவுரை

நீர் ஒரு பகுதியினருக்குச் சென்றது. கல் மற்றொரு பகுதியினரிடமிருந்து எடுக்கப்பட்டது. மக்கள் கருத்துத் தெரிவிக்காமல் இல்லை. அது திட்டத்தை மாற்றும் கருத்தாகக் கொள்ளப்படாமல் குற்றமாகக் கருதப்பட்டது. அளிக்கப்பட்ட இழப்பீட்டு உறுதியும், அதை நிறைவேற்றுவிக்கும் அதிகாரம் மக்களிடம் இல்லாமையால் பொய்த்தது. 2004 இல் இக்கோயில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அன்று தண்டனை பெற்றோர் காக்க முயன்றது எத்தகைய செல்வம் என்பதை அவ்வறிவிப்பு உறுதிசெய்கிறது. முடிவெடுக்கும் முன்னரே, இழப்போருக்கு முடிவை மாற்றும் இடம் அளிப்பதே பங்கேற்பு என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.