பிசகு

குழந்தைகளின் கழுத்து நோய் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘சப்லக்சேஷன்’ என்ற ஆங்கிலச் சொல் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. லத்தீனில் ‘லக்சாரே’ என்றால் மூட்டை இடம்பெயர்ப்பது. முன்னே நிற்கும் ‘சப்’ அதைப் பாதியில் நிறுத்துகிறது: நழுவியும் முழுதாகக் கழலவில்லை. 1895-இல் அமெரிக்காவில் கைரோபிராக்டிக் என்ற முதுகெலும்பு வைத்திய முறையைத் தொடங்கிய டி.டி. பால்மர் வழியினர் இதே சொல்லை முதுகெலும்பின் எந்தச் சிறு கோளாறுக்கும் நீட்டிவிட்டார்கள், குழப்பம் அங்கிருந்துதான். நம்மிடம் ‘பிசகு’ இருக்கிறது. கால் பிசகும், கணக்கு பிசகும், வாய் பிசகி வார்த்தை விழும். ‘பிசகாமல்’ என்றால் இம்மியும் மாறாமல். கொஞ்சம் தவறியது என்ற அளவு சொல்லுக்குள்ளேயே இருப்பதால் ‘மூட்டுப் பிசகு’ எனக்குப் பிடிக்கிறது. ‘சுளுக்கு’ வேண்டாம்; சுளுக்கு என்றாலே உருவிவிட யாராவது கிளம்பிவிடுவார்கள். தொண்டைப் புண்ணுக்கோ டான்சில் அறுவைக்கோ பிறகு ஒரு குழந்தை தலையைச் சாய்த்துத் திருப்பியபடியே வைத்திருந்தால், வானத்தைச் சுமந்த கிரேக்கத் தேவனின் பெயர்கொண்ட அட்லஸ் எலும்பு அடுத்த எலும்பின்மேல் பிசகியிருக்கலாம். 1930-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் கிரிசெல் பெயராலும் இது வழங்குகிறது. சீக்கிரம் கண்டுகொண்டால் கத்தி பெரும்பாலும் தேவைப்படாது: ஓய்வு, வலிமருந்து, மென்மையான கழுத்துப்பட்டை, ஒரு வாரம் தாண்டினால் மருத்துவமனையில் தாடையிலும் பின்தலையிலும் வார் மாட்டி, சிறு எடை தொங்கவிட்டு மெல்ல இழுப்பது. கையால் திருகக் கூடாது. உள்ளே தண்டுவடம் ஓடுகிறது.