சுவிஸ் தேசத்தின் படைமரபு
ஆல்ப்ஸ் மலைச்சாரலில் விளைநிலம் குறைந்த சுவிட்ஸர்லாந்து, அந்நிய மன்னர்களுக்குத் தன் குமாரர்களைக் கூலிப்படையாக அனுப்பியே பல நூற்றாண்டுகள் ஜீவனம் நடத்திற்று என்பது, இன்று அதன் சமாதானத்தை மட்டுமே அறிந்தவர்க்கு ஆச்சரியமாக இருக்கும். 1515-இல் மரின்யானோ யுத்தகளத்தில் பிரெஞ்சுப் பீரங்கிகளுக்கு எதிரே ஆயிரக்கணக்கானோர் மாண்ட பின்னர், அத்தேசம் ராஜ்ய விஸ்தரிப்பைக் கைவிட்டதாயினும், கூலிக்குப் போர்புரிவது நின்றபாடில்லை. 1792 ஆகஸ்டு 10 அன்று பாரிஸில் பதினாறாம் லூயியின் அரண்மனையைக் காத்து நின்ற சுவிஸ் காவலரில் ஏறக்குறைய 600 பேர் மடிந்தனர். அந்த ஏழைக் குடியானவர் பிள்ளைகளுக்கு அம்மன்னனிடம் என்ன பந்தம் இருந்தது என்று எண்ணுந்தோறும் நெஞ்சம் கனக்கிறது. 1815-இல் வல்லரசுகள் சுவிஸ் நடுநிலைமையை அங்கீகரித்தன. ஆயினும் படைமரபு ஒழிந்துவிடவில்லை; 1874-ஆம் ஆண்டு சுவிஸ் அரசியல் சாசனம் ஆடவர் அனைவருக்கும் ராணுவ சேவையைக் கடமையாக்கிற்று. அக்கடமையை நீக்கலாமா என்று 2013-இல் ஜனங்களையே கேட்டபோது, வாக்களித்தவரில் நூற்றுக்கு 73 பேர் கூடாதென்றனர்.