தோலில் இரத்தக்கட்டு: ஏன் வருகிறது? எப்படி ஆறுகிறது?

கட்டில் காலில் முழங்காலை இடித்துக்கொண்டால், மறுநாள் அந்த இடம் நீலம் பாரித்திருக்கும். இதைத்தான் இரத்தக்கட்டு என்றும், தோல் கன்றிவிட்டது என்றும் சொல்கிறோம். அடிபட்டு வருவது பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். அடிபடாமலேயே வருவது உடலுக்குள் இருக்கும் வேறொரு குறையின் அடையாளமாக இருக்கலாம். இந்த வேறுபாட்டைக் குடும்பத்தார் அறிந்திருப்பது அவசியம்.

எப்படி உண்டாகிறது?

தோலுக்கு அடியில் தலைமுடியைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அடி விழும்போது அவை உடைகின்றன. தோல் கிழியாததால் இரத்தம் வெளியே வர வழியின்றி உள்ளேயே கசிந்து தேங்குகிறது. பிளேட்லெட் எனும் தட்டணுக்களும், இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களும் சேர்ந்து உடைப்பை அடைக்கின்றன.

நிறம் ஏன் மாறுகிறது?

முதலில் சிவப்பாக இருப்பது ஓரிரு நாளில் நீலமாகவோ கருநீலமாகவோ ஆகிறது. துப்புரவு செய்யும் அணுக்கள் வந்து தேங்கிய சிவப்பணுக்களை விழுங்கிச் சிதைக்கின்றன. அப்போது முதலில் பச்சை நிறப் பொருளும், பிறகு மஞ்சள் நிறப் பிலிருபினும் உண்டாகின்றன. மஞ்சள் காமாலையில் கண்ணை மஞ்சளாக்குவதும் இதே பிலிருபின்தான். கடைசியில் பழுப்பாகி, சுமார் இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். காலில் வந்தால் இன்னும் சில நாள் கூடும். கருத்த தோலில் இந்த நிறங்கள் தெளிவாகத் தெரியாமல் வெறும் கருமையாகவே தெரியலாம். நெற்றியில் பட்ட அடியின் கருமை இரண்டு நாள் கழித்துக் கண்ணுக்குக் கீழே இறங்குவதும் உண்டு.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். முதல் இரண்டு நாளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்யலாம். அடிபட்ட கையையோ காலையோ தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். தேய்த்து உருவிவிட வேண்டாம். அது கசிவை அதிகமாக்கும். புளி, உப்பு, மஞ்சள் சேர்த்துக் காய்ச்சிய சூடான பற்றையும் உடனே போடாதீர்கள். சூடு இரத்தக் குழாய்களை விரிக்கும். இரண்டு நாள் கழித்து மிதமான வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். ஊசியால் குத்தி இரத்தத்தை வெளியேற்றவே கூடாது.

பெரியவர்களுக்கு

வயதாக ஆகத் தோலும் அதன் அடியில் உள்ள கொழுப்பும் மெலிவதால், இலேசாகத் தட்டினாலும் கன்றிவிடும். இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுவோருக்கு இது அதிகம். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இவர்கள் தலையில் அடிபட விழுந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஹிஜாமாவுக்குப் பின் தோன்றும் வட்டங்களும் இரத்தக்கட்டுதான். உறிஞ்சும் வேகத்தில் சிறு குழாய்கள் உடைந்ததன் தடம் அது; கெட்ட இரத்தத்தின் அளவுகோல் அல்ல. மேற்சொன்ன மாத்திரைகளைச் சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் ஹிஜாமா செய்துகொள்ள வேண்டாம்.

சுன்னத் செய்வதற்கு முன்

ஹீமோபிலியா என்பது இரத்தம் சரியாக உறையாத பரம்பரைக் குறை. இது பெரும்பாலும் தாய் வழியாக ஆண் குழந்தைகளுக்கு வருகிறது. சுன்னத்துக்குப் பின் நிற்காத இரத்தப்போக்கால்தான் சில குழந்தைகளுக்கு இது முதன்முதலில் தெரிய வருகிறது. குழந்தை தவழும்போதே அடிக்கடி கன்றிப் போகிறதா? ஊசி போட்ட இடம் வீங்கிக் கன்றுகிறதா? தாய்மாமனுக்கோ தாயின் தகப்பனாருக்கோ இரத்தம் எளிதில் நிற்காத வரலாறு உண்டா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகுதான் சுன்னத். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலும் இக்குறை வரலாம். எனவே சுன்னத்தை மருத்துவரிடம் செய்வதே பாதுகாப்பு.

கைக்குழந்தையின் இடுப்பிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே இருக்கும் நீலத் திட்டு இரத்தக்கட்டு அல்ல. அது நாளுக்கு நாள் நிறம் மாறாது. சில ஆண்டுகளில் மங்கிவிடும்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

- காரணமின்றி முதுகு, வயிறு போன்ற இடங்களில் பல இரத்தக்கட்டுகள் தோன்றினால்
- ஈறு, மூக்கில் இரத்தம் வந்தால், அல்லது மாதவிடாய் அளவுக்கு மீறினால்
- காய்ச்சலோடு, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோன்றினால் உடனே (டெங்குவிலும் இப்படி வரும்)
- தலையில் அடிபட்டபின் வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம் இருந்தால் உடனே
- மூட்டை அசைக்க முடியாவிட்டால், வீக்கம் பெருகினால்
- இரண்டு வாரம் கடந்தும் மறையாவிட்டால்

இன்னும் நடக்கத் தொடங்காத குழந்தையின் உடலில் இரத்தக்கட்டு இருந்தாலும், பிள்ளையின் காதிலோ கன்னத்திலோ விரல் பதிந்த தடம் இருந்தாலும், எப்படி வந்தது என்று விசாரிக்காமல் விடாதீர்கள். பிள்ளை அச்சத்தால் மறைக்கலாம். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098.