ஷெல் மாறிகளும் பேராதனைப் பெயர்வரலாறும்

கண்டி மாநகரினின்றும் ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தொலைவில், மகாவலி கங்கைக் கரையில் பேராதனைப் பல்கலைக்கழகம் விளங்குகின்றது. 1942இல் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இற் பேராதனையிற் குடிபுகுந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகமாயிற்று. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக இன்றைய பெயரையும் தனிநிலையையும் எய்திற்று.

இவ்வாறு மாறிவரும் செய்திகளைக் கணினியில் ஏற்றிவைத்தற்கு உதவுவது மாறி என்னும் அமைப்பாகும். அதிற் பெயர் நிலைத்து நிற்கும்; அப்பெயர் குறிக்கும் மதிப்பே மாறும். மனிதனிடம் கட்டளைகளைப் பெற்றுக் கணினியைக் கொண்டு நிறைவேற்றுவிக்கும் செயலியாகிய ஷெல்லில் இவ்வசதி தொடக்கத்தில் இருந்ததன்று. 1971இல் யுனிக்ஸ் முதற் பதிப்பில் இடம்பெற்ற கென் தொம்சனின் ஷெல்லில், பயில்வோர் தாமே பெயரிட்டு ஆளத்தக்க மாறிகள் இல்லை. பின்னர் ஜோன் மாஷி ஓரெழுத்துப் பெயர்களை அமைத்தார். 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த ஸ்டீபன் போர்னின் ஷெல், நெடும்பெயர் மாறிகளைப் பரவலாக நிலைபெறச் செய்தது.

மாறியை ஆக்கும் முறை எளிது. பெயர், சமக்குறி, மதிப்பு ஆகிய மூன்றும் இடைவெளியின்றி அடுத்தடுத்து நிற்றல் வேண்டும். 'பேராதனைப் பல்கலைக்கழகம்' என்பது இரு சொற்களாலாயதாகலின், அம்மதிப்பை மேற்கோட்குறிக்குள் அடைத்தல் வேண்டும். அன்றேல் ஷெல் இரண்டாஞ் சொல்லைத் தனிக் கட்டளையெனக் கொண்டு, அத்தகைய கட்டளை இல்லையெனக் கூறும். மதிப்பை வெளியிடுதற்கு, பெயரின் முன் டொலர்க்குறி இட்டு எக்கோ என்னுங் கட்டளைக்கு அளித்தல் போதும். டொலர்க்குறி விடுபடின் மதிப்புக்கு மாறாக வெறும் பெயரே வெளிப்படும்.

நூறு கடிதங்களில் வரும் கழகப் பெயரை ஒரு வரியால் மாற்றவல்லது இம்முறை. ஆயின் புதுமதிப்பு ஏறியவுடன் பழமதிப்பு சுவடின்றி அழிந்துபோம். 1960இல் வழங்கிய பட்டமொன்றின் விவரத்தை மீள அச்சிடுங்கால் இன்றைய பெயர் தோன்றுமாயின், அது வரலாற்றுப் பிழையாகும். ஆதலின் அவ்வக்காலப் பெயர்களைத் தனித்தனி மாறிகளில் வைத்து, ரீட்ஒன்லி என்னுங் கட்டளையால் அவை திரியாவண்ணம் காத்தல் வேண்டும். போர்னின் ஷெல்லிலேயே அக்கட்டளை இடம்பெற்றுள்ளது. மாறுவதை மாறியிலும், மாறலாகாததைக் காப்பிலும் வைப்பது ஆவணம் பேணுவோர்க்குரிய கடனாகும்.