‘இருண்ட கண்டம்’ என்னும் சொல்லாட்சியும் ஆப்பிரிக்க வரலாற்றுச் சான்றுகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஆப்பிரிக்காவை ‘இருண்ட கண்டம்’ எனக் குறிப்பிடும் வழக்கம் தமிழில் இன்றும் நிலவுகிறது. பொது அறிவு நூல்களில் அது வினாவாகவும் விடையாகவும் இடம்பெறுகிறது. அக்கண்டத்தின் இயல்பைச் சுட்டுவதாகக் கருதப்படும் இத்தொடர், 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பயண நூல்வழிப் பரவியதாகும். கடல்வழி வந்தவர்கள் உள்நாட்டை அறியாதிருந்த நிலையே உள்நாட்டிற்கு வரலாறு இல்லை என்னும் முடிவாக எவ்வாறு மாற்றப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நைஜர் ஆறு, சகாரா வணிகம், பெரிய சிம்பாப்வே கற்கட்டடங்கள், வாய்மொழி மரபு ஆகிய நான்கு சான்றுகளின் வழி அம்முடிவு மறுக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆப்பிரிக்கா, இருண்ட கண்டம், நைஜர், திம்புக்து, பெரிய சிம்பாப்வே, வாய்மொழி மரபு, காலனியம்.

முன்னுரை

ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புடைய ஆப்பிரிக்கா, உலக நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்காகும். அங்கு ஏறத்தாழ 2,000 மொழிகள் பேசப்படுகின்றன. மனித இனத்தின் தொன்மையான எலும்பெச்சங்கள் அங்கிருந்தே கிடைத்துள்ளன. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எச்சங்கள் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை. மனித வரலாற்றின் தொடக்கம் தேடப்படும் கண்டத்தையே வரலாறற்ற கண்டம் எனக் கூறும் முரண்பாடு எவ்வாறு தோன்றியது என்பதே இக்கட்டுரையின் வினா.

செருமானிய மெய்யியலாளர் ஹெகல் 1820களில் பெர்லினில் நிகழ்த்திய வரலாற்று மெய்யியல் விரிவுரைகளில், எகிப்தையும் வடகரையையும் தனியே பிரித்துவிட்டு, எஞ்சிய ஆப்பிரிக்காவை உலக வரலாற்றுக்குப் புறம்பானதாக ஒதுக்கினார். 1878இல் ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி தம் பயண நூலின் தலைப்பிலேயே ‘இருண்ட கண்டம்’ என்னும் தொடரை அமைத்தார். 1963இல் ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே உண்டு, ஏனையது இருளே என்னும் பொருள்படப் பேசினார். அதே ஆண்டு மே மாதத்தில்தான் அடிஸ் அபாபாவில் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் கூடி ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பை நிறுவின. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த இக்கருத்து, தனியொருவரின் பிழையாக இல்லாமல் ஒரு பார்வை மரபாகவே வளர்ந்துள்ளது.

1. கடலிலிருந்து காணும் நிலவியல்

இப்பார்வைக்கு நிலவியல் அடிப்படை ஒன்று உண்டு. ஆப்பிரிக்கா பெரும்பாலும் பீடபூமி நிலம். உள்நாட்டிலிருந்து வரும் ஆறுகள் பல, கடலை நெருங்கும் இடத்தில் பீடபூமி விளிம்பிலிருந்து அருவிகளாகவும் விரைவோட்டங்களாகவும் இறங்குகின்றன. காங்கோ ஆறு உள்நாட்டில் பல நூறு கிலோமீட்டர் படகுப் போக்குவரத்துக்கு ஏற்றது. ஆயினும் கடலுக்கு அருகிலுள்ள தொடர் அருவிகள் கடற்கப்பல் உள்ளே செல்வதைத் தடுக்கின்றன. ஆப்பிரிக்கா ஐரோப்பாவைப்போல் மும்மடங்கு பரப்புடையது. எனினும் வளைகுடாக்களும் இயற்கைத் துறைமுகங்களும் குறைவாதலால் அதன் கடற்கரை ஐரோப்பியக் கடற்கரையினும் நீளத்தில் குறைந்தது. இவற்றுடன் மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்தன. குயினைன் மருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முறையாகப் பயன்பாட்டுக்கு வரும்வரை, மேற்குக் கரையில் தங்கிய ஐரோப்பியர் பெருந்தொகையில் இறந்தனர்.

எனவே 15ஆம் நூற்றாண்டில் கடல்வழி வந்தவர்கள் நானூறு ஆண்டுகள் பெரும்பாலும் கரையோரக் கோட்டைகளிலேயே தங்கினர். அவர்களுடைய நிலப்படங்களில் உள்நாடு வெற்றிடமாக இருந்தது. அவ்வெற்றிடம் வரைந்தவரின் அறிவெல்லையைக் காட்டுவது. பிற்காலத்தில் அது வரையப்பட்ட நிலத்தின் தன்மையாகப் படிக்கப்பட்டது. இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுவது நைஜர் ஆற்றின் கதை.

2. நைஜர் ஆறு தரும் சான்று

ஏறத்தாழ 4,180 கிலோமீட்டர் நீளமுடைய நைஜர், அட்லாண்டிக் கடலிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில், கினி மலைப்பகுதியில் தோன்றுகிறது. அண்மையிலுள்ள கடலை நோக்கிச் செல்லாமல் வடகிழக்காகச் சகாராவின் விளிம்புவரை சென்று, பின் தென்கிழக்காகத் திரும்பிக் கினி வளைகுடாவில் கலக்கிறது. இவ்வளைவு ஐரோப்பிய நிலவியலாளரை நீண்டகாலம் குழப்பியது. அது மேற்கே ஓடுகிறதா, கிழக்கே ஓடுகிறதா, நைல் ஆற்றோடு சேர்கிறதா என்னும் விவாதம் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை தொடர்ந்தது.

1796 ஜூலையில் ஸ்காட்லாந்து மருத்துவர் மங்கோ பார்க், செகு நகரில் ஆறு கிழக்கு நோக்கி ஓடுவதைக் கண்டார். அரசன் அனுப்பிய வழிகாட்டி, உங்கள் நாட்டில் ஆறுகளே இல்லையா, ஓர் ஆறு மற்றோர் ஆற்றைப் போன்றதுதானே எனத் தம்மிடம் வினவியதைப் பார்க்கே பதிவு செய்துள்ளார். ‘ஜொலிபா’ எனத் தம் மொழியில் அவ்வாற்றுக்குப் பெயரிட்டு, அதில் படகோட்டி, மீன்பிடித்து, அதன் வெள்ளச் சமவெளியில் நெல் விளைவித்தவர்களுக்கு ஆற்றின் போக்கு புதிராக இருக்கவில்லை.

ஆற்றின் முகத்துவாரத்தை 1830இல் லாண்டர் உடன்பிறப்பினர் உறுதிப்படுத்தினர். இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. அதற்கு முன்பே பல தலைமுறைகளாக ஐரோப்பியக் கப்பல்கள் அம்முகத்துவாரக் கழிகளில் நங்கூரமிட்டு அடிமைகளையும் செம்பனை எண்ணெயையும் ஏற்றிச் சென்றன. தாம் நிற்பது நைஜர் ஆற்றின் வாயில் என்பது மட்டும் அவற்றில் வந்தோருக்குத் தெரியவில்லை. அறியாமை எவரிடம் இருந்தது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

3. பாலைவனம் என்னும் பெருவழி

கடலிலிருந்து மூடியதாகத் தோன்றிய நிலம், பாலைவனப் பக்கம் திறந்தே இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டுகளில் ஒட்டகம் சகாராவில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தபின், வடக்கின் உப்பும் செம்பும் துணியும் தெற்கின் பொன்னோடு மாறின. 1352இல் சிஜில்மாசாவிலிருந்து வணிகச் சாத்துடன் புறப்பட்ட இபின் பதூதா, தகாசா உப்புச் சுரங்க ஊர் வழியாக இரண்டு மாதங்களில் வலாத்தாவை அடைந்தார். மாலி நாட்டில் பயணிக்கு இருந்த பாதுகாப்பையும் நீதியையும் அவர் பாராட்டினார். தகாசாவில் உப்பு வெட்டியவர்கள் அடிமைகளே என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆப்பிரிக்க வரலாற்றை மீட்டெழுதுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மாலி அரசர் மான்சா மூசா 1324இல் மெக்கா செல்லும் வழியில் கெய்ரோவில் செலவிட்ட பொன்னால் அங்குப் பொன்னின் மதிப்பு வீழ்ந்ததையும், ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் அது மீளாததையும் அல்-உமரி எழுதினார். 1375ஆம் ஆண்டுக் கட்டலான் நிலப்படத்தில் அவ்வரசர் கையில் பொன் உருண்டையுடன் வரையப்பட்டுள்ளார். ஆகவே, 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பியருக்கு இருண்டதாகத் தோன்றாத ஒரு நாடு, 19ஆம் நூற்றாண்டில் இருண்டதாக்கப்பட்டது.

இந்நகர வாழ்வு அரபு வணிகரால் வந்தது என்னும் வாதமும் தொல்லியலால் தளர்ந்துள்ளது. மாலி நாட்டின் ஜென்னே-ஜெனோவில் 1977 முதல் சூசன் மெக்கின்டோஷ், ரோடரிக் மெக்கின்டோஷ் ஆகியோர் நடத்திய அகழாய்வு, கி.மு. 3ஆம் நூற்றாண்டளவிலேயே இரும்பைப் பயன்படுத்தியோர் அங்குக் குடியேறியிருந்ததையும், கி.பி. 800 அளவில் அது சுற்றுமதிலுடன் கூடிய நகரமாக வளர்ந்திருந்ததையும் வெளிப்படுத்தியது. சகாரா கடந்த அரபு வணிகம் செழிப்பதற்கு முன்பே உள்நாட்டு வணிகம் நகரை உருவாக்கியிருந்தது.

திம்புக்து இம்மரபின் கல்வி முகம். அந்நகரின் அறிஞர் அகமது பாபா (1556–1627), 1591இல் மொராக்கோப் படை சொங்காய் அரசை வென்றபின் மராகேஷுக்கு நாடுகடத்தப்பட்டார். தம் 1,600 நூல்களை இழந்ததாகவும், தம் உறவினருள் தம் நூல்தொகுப்பே சிறியது என்றும் அவர் கூறியதாக மரபு பதிவு செய்கிறது. நிறத்தால் ஒருவரை அடிமையாகக் கொள்ளலாகாது என்று அவர் வாதிட்டார். எனினும் அடிமைமுறையை அவர் முழுவதும் மறுக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் அதே நகரின் அல்-சஅதி, சூடான் நாடுகளின் வரலாற்றை அரபு மொழியில் நூலாக எழுதினார். வரலாறு இல்லை எனப்பட்ட நிலத்தில் வரலாற்றாசிரியரே இருந்தனர். 2012இல் திம்புக்து ஆயுதக் குழுக்களின் பிடியில் சிக்கியபோது, நூலகக் காப்பாளர்களும் குடும்பங்களும் பெட்டிகளில் சுவடிகளை மறைத்துப் பமாகோவுக்குக் கடத்திக் காத்தனர்.

4. கல்லும் மறுப்பும்: பெரிய சிம்பாப்வே

மேற்கில் எழுத்துச்சான்று பொருட்படுத்தப்படாததைப் போலவே, தெற்கில் கற்சான்று திரிக்கப்பட்டது. பெரிய சிம்பாப்வே 11 முதல் 15ஆம் நூற்றாண்டுவரை செழித்த நகரம். அதன் பெருஞ்சுற்றின் புறமதில் சாந்தின்றி அடுக்கப்பட்ட கருங்கல்லால் ஆனது. ஏறத்தாழ 250 மீட்டர் சுற்றளவும் சில இடங்களில் 11 மீட்டர் உயரமும் உடையது. அங்குக் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளும் கில்வா நகர நாணயமும், பருவக்காற்றுவழி நடைபெற்ற இந்தியப் பெருங்கடல் வணிகத்தோடு அந்நகருக்கிருந்த தொடர்பைக் காட்டுகின்றன.

1871இல் அங்குச் சென்ற கார்ல் மாவ்க், அதனை ஷேபா அரசியோடு தொடர்புபடுத்தினார். பின்வந்தோர் பினீசியரையும் அரபியரையும் கூறினர். 1902இல் காப்பாளராக அமர்த்தப்பட்ட ரிச்சர்டு ஹால், ஆப்பிரிக்கர் வாழ்ந்த மண்ணடுக்குகளைப் பிற்காலக் குப்பையெனக் கருதி அகற்றினார். கட்டியவர் யார் எனக் கூறவல்ல சான்றே இவ்வாறு அழிந்தது. 1905இல் டேவிட் ராண்டல்-மக்ஐவர், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் ஆகிய இருவரும் அகழாய்வுவழி அது ஆப்பிரிக்கரின் ஆக்கமே என நிறுவினர்.

அதன்பின்னும் ரொடீசியாவின் வெள்ளையர் அரசு அம்முடிவை ஏற்கத் தயங்கியது. தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் அரசின் அழுத்தத்தால் பணியைவிட்டு விலகி வெளிநாடு சென்றார். கட்டியவர்கள் இம்மண்ணின் மக்கள் என ஒப்பினால், அம்மக்களுக்கு ஆளும் தகுதி இல்லை என்னும் கூற்று நிலைக்காது. எனவே இவ்விவாதம் மதிலைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. 1980இல் விடுதலை பெற்ற நாடு அக்கட்டடத்தின் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டது.

5. எழுத்தல்லாத ஆவணங்கள்

எழுத்தில்லாத இடத்தில் வரலாறு இல்லை என்பது ஹெகல் மரபின் அடிப்படை எண்ணம். இதற்கு விடையாக இரு துறைகள் வளர்ந்தன. முதலாவது மொழியியல். கண்டத்தின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் பேசப்படும் ஏறத்தாழ 500 பாண்டு மொழிகளை ஒப்பிட்ட அறிஞர்கள், அவற்றைப் பேசியோர் இன்றைய நைஜீரியா–கேமரூன் எல்லைப் பகுதியிலிருந்து நான்காயிரம் முதல் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் பரவத் தொடங்கினர் எனக் கண்டனர். எவரும் எழுதி வைக்காத நெடும்பயணம் சொற்களில் பதிந்திருந்தது.

இரண்டாவது வாய்மொழி மரபு. மாலியின் நிறுவனரான சுன்ஜாத்தாவின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் ‘ஜெலி’ எனப்படும் மரபுவழிப் பாணர்கள். கினியைச் சேர்ந்த ஜிப்ரில் தம்சிர் நியானே, அத்தகைய ஒருவரின் கூற்றைக் கேட்டு 1960இல் நூலாக்கினார். யான் வான்சினா 1961இல் வெளியிட்ட ஆய்வு, வாய்மொழிச் செய்தியைச் சான்றாகக் கொள்வதற்கான திறனாய்வு முறைகளை வகுத்தது. சொல்பவர் யார், எந்த அவையில், எவர் நலனுக்காகச் சொல்கிறார் என்னும் வினாக்கள் எழுத்தாவணத்திற்கும் பொருந்துபவையே. 1964இல் யுனெஸ்கோ தொடங்கிய ஆப்பிரிக்கப் பொது வரலாற்றுத் திட்டம் இம்முறைகளை ஒருங்கிணைத்து எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முதல் தொகுதியின் பதிப்பாசிரியர் புர்கினா பாசோ நாட்டு வரலாற்றறிஞர் ஜோசப் கி-செர்போ.

6. இருள் யாருக்குப் பயன்பட்டது?

16 முதல் 19ஆம் நூற்றாண்டுவரை ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் ஆப்பிரிக்கர் அட்லாண்டிக் கப்பல்களில் அடிமைகளாக ஏற்றப்பட்டனர். அவருள் ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம் பேரே அமெரிக்கக் கரைகளில் இறங்கினர். மனிதரைப் பொருளாக விற்பதற்கு, அவருக்கு வரலாறு இல்லை என்னும் கருத்து துணைநின்றது.

ஸ்டான்லியின் பயணமும் இருளினூடாக நிகழ்ந்ததன்று. கீழைக் கரையிலிருந்து சுவாகிலி வணிகர் நெடுங்காலம் பயன்படுத்திய பாதைகளில், சான்சிபார்ச் சுமையாளரின் துணையோடு அவர் சென்றார். வழியில் டிப்பு டிப் என்னும் வணிகரின் படை அவருக்குச் சில காலம் காவலாக வந்தது. 1879 முதல் அவர் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்காகக் காங்கோவில் பணியாற்றினார். 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை பெர்லினில் 14 நாடுகள் கூடிய மாநாட்டில் அமெரிக்கத் தரப்பின் ஆலோசகராகவும் இருந்தார். அங்கு ஆப்பிரிக்கப் பேராளர் எவரும் இல்லை. காங்கோ லியோபோல்டின் தனியுடைமையாகி 1908வரை அவ்வாறே நீடித்தது. கண்டத்திற்கு இருளைப் பெயராக இட்டவர், அதனைப் பங்கிட்ட அவையிலும் இருந்தார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. ‘இருள்’ என்னும் சொல் ‘ஒளி’ கொண்டு வருபவனுக்கு உரிமை வழங்கியது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஆப்பிரிக்காவின் நிலவியல் கடல்வழி வந்தோருக்கே தடையாக இருந்தது. உள்நாட்டு மக்களுக்கு ஆறும் பாலைவனமும் வழிகளாயின. இரண்டாவதாக, அக்கண்டத்திற்கு எழுத்து, கல், மொழி, வாய்மொழி ஆகிய நால்வகைச் சான்றுகளும் உள்ளன. அவை புறக்கணிக்கப்பட்டதும் சில இடங்களில் அழிக்கப்பட்டதும் வரலாற்றுச் செய்திகளே. மூன்றாவதாக, இம்மறுப்பு அடிமை வணிகத்திற்கும் காலனிய ஆட்சிக்கும் துணைநின்றது.

தமிழ் ஆய்வுலகிற்கு இதில் ஒரு கடமை உண்டு. வாய்மொழியையும் அகழாய்வையும் சான்றாகக் கொண்டு தம் தொன்மையை நிறுவ முயலும் ஒரு மொழிச்சமூகம், அதே சான்றுகளை மற்றொரு மக்களுக்கு மறுக்கும் தொடரைத் தன் பாடநூலிலும் வினாத்தாளிலும் தொடர்ந்து வழங்குதல் பொருந்தாது. ‘இருண்ட கண்டம் எது?’ என்னும் வினாவைக் கைவிட்டு, ‘ஆப்பிரிக்காவை இருண்ட கண்டம் என்றவர் யார், ஏன்?’ என வினவுவதே வரலாற்றுக் கல்விக்கு ஏற்றதாகும்.